எஞ்சினின் நோயறியும் முறை

காலையில் வீட்டு வாயிலில் நிற்கும் மோட்டார்க் கார், திறப்பைத் திருப்பியதும் உயிர்பெறாது முக்கி முனகுமாயின், அதனைச் சூழ்ந்து நிற்போருள் வைத்தியராகாதார் எவருமிலர். பற்றரி பழுது என்பார் ஒருவர். பெற்றோலில் தண்ணீர் கலந்துவிட்டது என்பார் மற்றொருவர். காபரேற்றரைக் கழற்றிக் கழுவினால் எல்லாம் சரியாய்விடும் என்று மதிலுக்கு அப்பால் நின்று கூறுவார் அயல்வீட்டுக்காரர். இவர்கள் கூறுவன யாவும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு காருக்கு உண்மையாயிருந்தனவே. ஆனால், இன்று இந்தக் காருக்கு எது உண்மை என்பதை அறிதற்பொருட்டு ஒரு சோதனையேனும் செய்தவர் அவருள் ஒருவருமிலர். இவ்வாறு சோதியாது துணிவதனாலே பழுதில்லாத உறுப்புக்கள் கழற்றப்படுகின்றன, நல்ல பற்றரிகள் விலைபோகின்றன, கைப்பொருள் கரைகின்றது, பழுதோ இருந்த இடத்திலேயே இருக்கின்றது. எஞ்சின் புறப்பட மறுத்தல், புறப்பட்டபின் திக்கித் தயங்குதல், ஓடிக்கொண்டிருக்கையில் நின்றுபோதல் ஆகிய குறைகளுக்குக் காரணம் காணும் முறையை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க முயல்வோம்.

விளக்கத்துக்கு மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த இக்கார் இலங்கைத் தெருக்களில் இன்றும் ஓடுகின்றது. அதன் உறுப்புக்கள் யாவும் கண்ணாற் காணத்தக்கன, கையால் தொடத்தக்கன, கணினி யாதும் அதனுள் ஒளிந்திருப்பதில்லை. கற்போனுக்கு இதனினும் நல்ல பாடப்புத்தகம் கிடைத்தல் அரிது. 1956 இல் வந்த மைனர் 1000 என்னும் வகையின் எஞ்சின் கொள்ளளவு 948 கன சென்ரிமீற்றர். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயறியும் நெறி கூறும் குறளின் எண்ணும் 948 ஆகும். இது தற்செயலேயாயினும், கார் வைத்திருக்கும் தமிழாசிரியர்கள் இதனைச் சொல்லி மகிழ்வதை நாம் கேட்டிருக்கின்றோம்.

ஜேர்மானியரான நிக்கோலவுஸ் ஒற்றோ 1876 இல் இயக்கிக் காட்டிய நான்கடிப்பு எஞ்சினின் ஒழுங்கே இன்றைய பெற்றோல் எஞ்சின்களிற் பெரும்பாலானவற்றின் ஒழுங்குமாகும். உருளையினுள் பிஸ்ரன் கீழிறங்கும்போது பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை உறிஞ்சப்படுகின்றது. பிஸ்ரன் மேலேறும்போது அது நெருக்கப்படுகின்றது. அந்நெருக்கத்தின் முடிவில் பிளக்கின் நுனியில் ஒரு தீப்பொறி பாய, கலவை எரிந்து பிஸ்ரனைக் கீழே தள்ளுகின்றது. மீண்டும் மேலேறும் பிஸ்ரன் புகையை வெளியேற்றுகின்றது. ஆகவே, எரியத்தக்க கலவை, உரிய கணத்தில் தீப்பொறி, போதிய அமுக்கம் என்னும் இம்மூன்றும் வாய்த்த எஞ்சின் ஓடியே தீரும். ஓடாதாயின், மூன்றில் ஒன்று இல்லை, அல்லது குறைவாயுள்ளது. இதற்கு விலக்கு இல்லை. நோயறிதல் என்பது இம்மூன்றில் இல்லாதது எது என வினாவுதலேயாகும். எந்த உறுப்பை மாற்றலாம் என வினாவுதல் அன்று.

கலவையைப் பற்றி ஒரு கணக்குக் கூறுவது பயனுடைத்து. பெற்றோல் ஒரு கிராம் முற்றாக எரிதற்கு ஏறக்குறையப் 15 கிராம் காற்று வேண்டும். பெற்றோலை லீற்றர்க் கணக்கில் வாங்கும் நாம், ஒவ்வொரு லீற்றருடனும் ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்றையும், ஒரு சிறிய அறை நிறைந்த காற்றையே, எஞ்சினுக்கு ஊட்டுகின்றோம். காற்றுக்கு விலையில்லாமையால் அதனை மறந்துவிடுகின்றோம். காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள கஸ்கற்றில் ஒரு மயிரிழை வெடிப்பு இருப்பின், அதன் வழியே கணக்கில் வராத காற்றுப் புகுந்து கலவையை மெலியச் செய்யும். அத்தகைய கார் வேகமாக ஓடுகையில் நன்றாக ஓடும். சந்தியில் நின்று மெல்ல இயங்குகையில் நடுங்கி நின்றுபோகும். வேகத்தில் உறிஞ்சப்படும் பெருங்காற்றுக்கு முன் அவ்வெடிப்பு வழிக் காற்று அற்பம். மெல்ல இயங்குகையில் அதுவே பெரும்பங்காகின்றது. குறை தோன்றும் நிலையே குறையின் இடத்தைக் கூறுதற்கு இஃது ஓர் உதாரணம்.

முதலிற் புறப்படாமையை நோக்குவோம். ஸ்ராட்டரை இயக்கியதும் எஞ்சின் சுழல்கின்றதா, இல்லையா என்பதே முதல் வினா. சுழலாத எஞ்சினின் காபரேற்றரைத் திறந்து பார்ப்பது, பட்டினியால் எழமாட்டாது கிடப்பவனுக்குக் கண்ணாடி மாற்றிக்கொடுப்பதனை ஒக்கும். முன்விளக்குகளை ஏற்றிவிட்டு ஸ்ராட்டரை இயக்குக. விளக்குகள் முற்றாக மங்குமாயின், பற்றரியில் மின் இல்லை. அல்லது அதன் முனைகளிலோ, உடலோடு இணைக்கும் தடித்த வயரிலோ நல்ல தொடுகை இல்லை. விளக்குகள் மங்காது ஒளிர, எஞ்சினும் அசையாதிருப்பின், மின் ஸ்ராட்டருக்குச் செல்லவேயில்லை என்க. மின்னழுத்தமானி உடையார் இதனை எண்ணாலும் அறியலாம். ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவு காட்டும், 12.2 காட்டுமாயின் ஏறக்குறையப் பாதியே எஞ்சியுள்ளது. முனைகளிற் பூத்திருக்கும் வெண்மையும் பச்சையுமான உப்பைச் சுடுநீர் ஊற்றிக் கழுவிச் சுரண்டியமையால் மட்டுமே உயிர்பெற்ற கார்கள் பல.

இங்கே பலரும் அறியாத நுட்பமொன்று உளது. ஸ்ராட்டர் பெருமளவு மின்னோட்டத்தை இழுப்பதனால், பற்றரி மெலிந்திருப்பின் அந்நேரத்தில் தீப்பொறிக்கு வேண்டிய அழுத்தமும் வீழ்ந்துவிடுகின்றது. எனவே, எஞ்சின் சுழன்று சுழன்று பற்றாது, ஸ்ராட்டரை விட்ட அக்கணத்திற் பற்றிக்கொள்வது மெலிந்த பற்றரியின் அடையாளங்களுள் ஒன்று. தள்ளினால் உடனே புறப்படும் காரும் பெரும்பாலும் இவ்வினத்ததே. இத்தகைய காரின் காபரேற்றரை எத்தனை முறை கழுவினும் பயனில்லை.

இனித் தீப்பொறி. மைனர் 1000 காரில் 12 வோல்ற் மின், கொயில் எனப்படும் தூண்டற்சுருளினாற் பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேலாக உயர்த்தப்பட்டுப் பிளக்கின் இடைவெளியிற் பாய்கின்றது. நான்கு உருளைகளுடைய எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலுங்கால், ஒரு நிமிடத்துக்கு 6,000 தீப்பொறிகள், அதாவது ஒரு செக்கனுக்கு 100, வேண்டும். இவை ஒவ்வொன்றும் டிஸ்ரிபியூற்றரினுள் இருக்கும் பொயின்ற் என்னும் சிறு தொடுகை திறக்கும் கணத்திற் பிறப்பன. அப்பொயின்றின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு அளவினது. பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 25 பங்கு. பொயின்றோடு ஒட்டிக் கிடக்கும் சின்னஞ்சிறு தகரக் குப்பியே கொண்டென்சர். கல்லூரியில் நாம் ஒடுக்கி என்று கற்றது அதுவே. பொயின்ற் திறக்கும்போது அங்கே மின் தாவி எரிந்து வீணாகாதபடி அதனை ஏற்று, சுருளின் காந்தப்புலம் சட்டென வீழுமாறு செய்வது அதன் தொழில். தூண்டலை பரடே 1831 இற் கண்டார், தூண்டற்சுருளுக்கு ஒடுக்கியைச் சேர்த்தவர் பிரான்சிய அறிஞர் பீசோ, ஆண்டு 1853. இவ்விரண்டு ஆண்டுகளையும், அதற்குரிய படத்தையும் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவர்கள் நாம். அங்ஙனம் கற்பித்த நாமே தெருவில் அதனை அடையாளங் காணாது நின்ற கதையைக் கூறுதல் வேண்டும். வெட்கத்துக்குரியதாயினும் பாடத்துக்கு உரியது.

நமது பழைய மைனர் கார் ஒருநாள் நண்பகலில் ஆனையிறவுத் தாம்போதியின் நடுவே திடீரென நின்றது. இருபுறமும் உப்புநீர், நிழலுக்கு ஒரு மரமில்லை. வெயிலின் கொடுமையாற் பெற்றோல் குழாயினுள்ளேயே ஆவியாகிவிட்டது என்று நாம் துணிந்து, பெற்றோற் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றினோம். அரைமணி நேரத்தில் கார் புறப்பட்டது. நம் துணிபு சரியென்று மகிழ்ந்தோம். அடுத்த கிழமை மீண்டும் நின்றது. மீண்டும் ஈரத்துணி, மீண்டும் அரைமணி. இவ்வாறு இரண்டு மாதங்கள் சென்றன. இதற்கிடையிற் காபரேற்றர் மும்முறை கழுவப்பட்டது. பெற்றோற் பம்ப் மாற்றப்பட்டது. கராச்சுக்குக் கொண்டுசென்றால் அங்கே கார் ஒரு குறையுமின்றி ஓடும். கடைசியிற் பரந்தனுக்கு அப்பால் ஒருமுறை நின்றபோது, அருகே உழவு இயந்திரமொன்றைத் திருத்திக்கொண்டிருந்த முதிய மெக்கானிக் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பேனற்றைத் திறக்குமுன் அவர் கேட்டது ஒரு கேள்வி: “மாஸ்ரர், நிக்கேக்கை டக்கெண்டு நிண்டதோ, இழுத்து இழுத்து நிண்டதோ?”

டக்கென்றுதான் நின்றது. திறப்பைத் திருப்பி நிறுத்தியது போலவே நின்றது. ஒவ்வொரு முறையும் அவ்வாறே நின்றது. அதனை நாம் கண்டிருந்தும் அது ஒரு சான்று என்று கருதவில்லை. “அப்ப எண்ணெயில்லை, கறண்ட்” என்றார் அவர்.

பெற்றோல் குறைந்து நிற்கும் எஞ்சின் பெரும்பாலும் திடீரென நிற்பதில்லை. காபரேற்றரின் கிண்ணத்தில் எஞ்சியுள்ளது தீரும் வரை திக்கும், இருமும், அக்சிலறேற்றரை மிதிக்க மிதிக்க வலு குன்றும், பின்னரே நிற்கும். மின் அறுந்த எஞ்சினோ நொடியில் இறக்கும். முதியவர் கொயிலின் தடித்த வயரை டிஸ்ரிபியூற்றர் மூடியிலிருந்து கழற்றி, உலர்ந்த மரக்கவ்வியொன்றாற் பிடித்து, எஞ்சினின் இரும்புக்கு அரை விரற்கடை தூரத்தில் வைத்துச் சுழற்றச் சொன்னார். பொறி இல்லை. பொயின்றைப் பார்த்தார், திறந்து மூடுகின்றது, ஆயின் அங்கும் சுடர் இல்லை. பின்னர்க் கொண்டென்சரின் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் சுழற்றச் சொன்னார். பொயின்றின் வாயில் நீலச்சுடர் எழுந்தது. வயர் நுனியில் மெலிந்த மஞ்சட்பொறி ஒன்று பாய்ந்தது. உறுப்பொன்றை நீக்கியதும் இல்லாத பொறி வந்ததெனின், பொறியை விழுங்கியது அவ்வுறுப்பேயன்றோ! சூடேறியதும் அதன் உட்காப்புத் தளர்ந்து மின்னை நேரே நிலத்துக்கு விட்டிருக்கின்றது. பொயின்ற் திறந்தும் திறவாததாயிற்று. அரைமணி ஆறினால் அது குணமாகும். நாம் சுற்றிய ஈரத்துணிக்கு அதில் யாதொரு பங்குமில்லை. வேறொரு கொண்டென்சரை இட்டு நம்மை அனுப்பினார். அதன் விலை ஒரு காலையுணவின் விலைக்கும் குறைவு.

அவருடைய இரண்டாவது கேள்வி வழியனுப்பும்போது வந்தது: “இது தொடங்கிறதுக்கு முன்னம் கடைசியாய் என்ன மாத்தினனியள்?” எண்ணிப் பார்த்தோம். பொயின்றும் கொண்டென்சரும் நம் கையாலேயே புதிதாக மாற்றியிருந்தோம். புதியது பழுதாயிராது என்னும் நம்பிக்கையால் அங்கே நாம் பார்க்கவேயில்லை. இன்று விலைப்படும் உதிரிப்பாகங்களைப் பொறுத்தவரை, பெட்டி பிரிக்காதது நல்லது என்னும் எண்ணத்தைக் கைவிடுதல் நன்று. கழற்றிய பழையதை ஓடும் நிலையில் இருந்ததெனின் எறியாது காரிலேயே வைத்திருத்தல் அறிவுடைமை.

இக்கதையிற் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. வந்து போகும் நோயை, அது இருக்கும்போதே சோதிக்க வேண்டும். கார் நின்ற அக்கணத்தில் ஒரு நிமிடம் செலவிட்டுப் பொறி உண்டா எனப் பார்த்திருந்தால், இரண்டு மாதங்கள் சென்றிரா. நாமோ காத்திருந்தோம், காத்திருக்கையில் சான்று அழிந்தது.

டக்கென்று நிற்றல் மின் என்பதும், இழுத்து நிற்றல் எண்ணெய் என்பதும் பெரும்பான்மை பற்றியன. முற்றான விதிகள் அல்ல. மழைக்காலத்தில் தாங்கியிற் சேர்ந்த நீர் ஒருங்கே வந்து காபரேற்றரை அடைக்குமாயின் எஞ்சின் சடுதியாகவும் நிற்கும். காபரேற்றர்க் கிண்ணத்திலுள்ளதை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்தால், பெற்றோலைவிடக் கனமான நீர் அடியில் முத்துப்போலத் திரண்டு நிற்பதைக் காணலாம். இதற்கு ஆய்வுகூடம் வேண்டுவதில்லை.

தயங்குதல் என்னும் குறை பெரும்பாலும் கலவையைச் சார்ந்தது. மைனர் காரிலுள்ள எஸ்.யு. காபரேற்றர் ஸ்கின்னர் சகோதரர் ஆக்கியது, எஸ்.யு. என்பதும் அவர்தம் பெயரின் சுருக்கமே. அதன் மணிபோன்ற கூட்டினுள் ஒரு பிஸ்ரன் எஞ்சினின் உறிஞ்சலுக்கேற்ப ஏறியிறங்கும். அதனடியிலுள்ள கூம்பிய ஊசி பெற்றோல் வரும் துளையை அதற்கேற்பத் திறந்து மூடும். அக்சிலறேற்றரைச் சட்டென மிதித்தால் பிஸ்ரன் துள்ளி எழுந்துவிடாதபடி உச்சியிலுள்ள குழலிற் சிறிது எண்ணெய் விடப்பட்டிருக்கும். பிஸ்ரன் மெல்ல எழுவதனால் ஒரு கணம் பெற்றோல் மிகுந்து கார் பாய்ந்து செல்லும். அவ்வெண்ணெய் தீர்ந்திருப்பின் பிஸ்ரன் துள்ளும், காற்று முந்தும், கலவை மெலியும்; மிதித்தவுடன் கார் பின்னிழுப்பது போலத் தயங்கிப் பின்னரே ஓடும். மூடியைத் திருகித் திறந்து சில துளி மெல்லிய எஞ்சின் எண்ணெய் விடுவதே இதற்கு மருந்து. இதற்காக எஞ்சினையே பிரித்துப் பார்த்தோரும் உளர்.

சோக் என்னும் இழுப்பானைப் பலர் காலையில் மட்டும் பயன்படும் கருவியென எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு சிறந்த சோதனைக் கருவி. சோக் கலவையிற் பெற்றோலை மிகுவிப்பது. ஓட்டத்தில் எஞ்சின் தயங்கும்போது அதனைச் சிறிதே இழுத்துப் பார்க்க. தயக்கம் தீருமாயின் கலவை மெலிந்துள்ளது. பெற்றோல் போதாது வருகின்றது, அல்லது எங்கோ காற்றுப் புகுகின்றது. தயக்கம் மிகுமாயின் கலவை ஏற்கெனவே தடித்துள்ளது. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், மிதவையின் ஊசி மூடாதிருக்கலாம். யாதொரு வேறுபாடும் தோன்றாதாயின் கலவையை விட்டுத் தீப்பொறியை நோக்குக. ஒரு பிடியை அரை அங்குலம் இழுப்பதனாற் பாதி ஐயம் நீங்குகின்றது. இதன்பின் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் அவையும் சாட்சி சொல்லும். வெளிறிய மண்ணிறம் நலம். உலர்ந்த கரி தடித்த கலவையைக் காட்டும். சுண்ணாம்பு போன்ற வெண்மை மெலிந்த கலவையையும் மிகுவெப்பத்தையும் காட்டும். பெற்றோலில் நனைந்த பிளக், எண்ணெய் வந்தும் தீ வரவில்லை என்று கூறும்.

எரிபொருள் ஆவியாதலைப் பற்றிய பாடத்தை யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் ஒருங்கே கற்ற காலமொன்று உண்டு. 1990 இன் பின், பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் வருவது அற்றபோது, இங்கே கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலின் இலேசான கூறுகள் 40 பாகை செல்சியசுக்கு உட்பட்ட வெப்பநிலையிலேயே கொதிக்கத் தொடங்குவன. மண்ணெண்ணெயோ 150 பாகையளவிலேதான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் துளிகளாகவே கிடக்கும், ஆவியாகாதது எரியாது. இதற்கு அக்காலத்துச் சாரதிகள் கண்ட வழி யாவருக்கும் நினைவிருக்கும். சிறு போத்தலிற் பொன்போலப் பேணிய பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்கு ஊட்டி எஞ்சினை எழுப்புவார்கள். அது நன்கு சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அவசரப்பட்டு மாற்றினால் எஞ்சின் திக்கி, வெண்புகை கக்கி நிற்கும். சந்தையில் நிறுத்திய கார் ஆறிவிட்டால் மீண்டும் அந்தச் சில துளிகள் வேண்டும். சூடான எஞ்சினை நிறுத்தவே அஞ்சியோர் பலர்.

மண்ணெண்ணெயின் மற்றொரு குணம், நெருக்கத்தைத் தாங்காது முன்னரே வெடித்தெரிதல். மேடேறும்போது எஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோல ஒலிக்கும். அதனாலே தீப்பொறி பாயும் கணத்தைப் பின்தள்ளினர்; வலு குறைந்தது. ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்ரனின் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீராக்கிற்று. எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்த்தால் அளவு கூடியிருக்கும்; அறியாதார் மகிழ்வர், அறிந்தார் அன்றே எண்ணெய் மாற்றுவர். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் இவ்வளவையும் தாங்கியமைக்குக் காரணம் அவற்றின் அமுக்க விகிதம் தாழ்ந்திருந்தமையும், பெற்றோல் வரும் வழி யாவும் வெளியே தெரிந்தமையுமேயாம். அக்காலத்திற் காரோட்டிய மாணவரொருவருக்கு ஆவியாதலைப் பற்றி நாம் கற்பிக்க வேண்டியது ஒன்றும் இருந்திருக்காது.

மலைநாட்டுக்குச் செல்லும் அன்பர்கள் இதன் மறுதலையைக் காண்பர். 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவிற் காற்றின் அடர்த்தி கடற்கரையிலுள்ளதைவிட ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. சமவெளிக்கு ஒழுங்குசெய்த காபரேற்றர் அங்கே தடித்த கலவையைக் கொடுக்கும். கார் சோம்பும், புகைக்கும். இது பழுதன்று. றம்பொடை ஏற்றத்திற் தாழ்ந்த கியரில் நெடுநேரம் சென்று சூடேறிய எஞ்சினிலேதான் நாம் ஆனையிறவில் வீணே கற்பனைசெய்த ஆவியடைப்பு உண்மையாக நிகழ்தல் கூடும். அதன் அடையாளம் பம்பின் ஓசை. மைனரின் மின்பம்ப் கிண்ணம் நிறைந்ததும் டிக் டிக் என்னும் ஓசையை நிறுத்தும். ஆவியையோ காற்றையோ உறிஞ்சும் பம்ப் ஓயாது விரைந்து அடித்துக்கொண்டேயிருக்கும். ஆனையிறவில் நம் பம்ப் அமைதியாக இருந்தது. அதனையும் நாம் கேட்டும் கேளாதிருந்தோம்.

அமுக்கக் குறைவை இங்கே நீட்டித்து எழுதவில்லை. அது நாள்பட வளரும் நோய். நேற்று நன்றாக ஓடி இன்று புறப்படாத காருக்கு அது காரணமாதல் அரிது. பிளக்குத் துளையில் அமுக்கமானியை வைத்து நான்கு உருளைகளையும் ஒப்பிடுக. குறைந்த உருளையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க, எண் உயருமாயின் வளையங்கள் தேய்ந்தன. உயராதாயின் வால்வு மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு உருளைகள் ஒருங்கே குறைந்திருப்பின் அவற்றினிடையே கஸ்கற் எரிந்திருக்கலாம்.

இக்காலத்துக் கார்களிற் காபரேற்றரும் இல்லை, பொயின்றும் இல்லை. கணினியொன்று பல உணரிகளின் வாயிலாக எஞ்சினின் சூட்டையும், உறிஞ்சும் காற்றையும், சுழற்சியையும், புகையில் எஞ்சிய ஒட்சிசனையும் அறிந்து பெற்றோலை அளந்து பீச்சுகின்றது. இதனாற் பழைய முறை பயனற்றதாயிற்று என்பார் கூற்றை நாம் ஏற்கவில்லை. மூன்று தேவைகளும் அவ்வாறே உள்ளன. திறப்பைத் திருப்பியதும் தாங்கியினுள் இருக்கும் பம்ப் இரண்டு செக்கனளவு முரல்வதைக் காதாற் கேட்கலாம். கேளாதாயின் அங்கே தொடங்குக. கணினியோடு கருவியை இணைத்துக் குறியெண் வாசிக்கும் வசதி அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டுக் கார்கள் முதல் ஒரேசீராக்கப்பட்டது. இன்று சிறிய கராச்சுகளிலும் அக்கருவி உண்டு. இதனால் விளைந்த நன்மை பெரிது; விளைந்த மயக்கமும் பெரிது. பி 0171 என்னும் குறியெண் தோன்றினால் உடனே ஒட்சிசன் உணரியை மாற்றுவோர் பலர். அவ்வெண் கூறுவது கலவை மெலிந்துள்ளது என்பதொன்றே. அதற்குக் காரணம் வெடித்த காற்றுக் குழாயாயிருக்கலாம், தளர்ந்த பம்பாயிருக்கலாம், தூசுபடிந்த காற்றளவியாயிருக்கலாம். ஒட்சிசன் உணரியோ உண்மையைச் சொன்ன குற்றத்துக்காகவே பலமுறை குப்பைக்குச் சென்றிருக்கின்றது. சூடேறியதும் டக்கென்று நின்று, ஆறியதும் புறப்படும் இன்றைய காரில் முதலில் ஐயுறத்தக்கது கிராங் தண்டின் சுழற்சியைக் காணும் உணரி. சூட்டில் தளர்ந்து குளிரிற் குணமாகும் இயல்பில் அது நம் கொண்டென்சருக்கு உறவினன்.

சோதிக்கும்போது காக்கவேண்டியன சில. சிந்திய பெற்றோல் உலருமுன் பொறியைச் சோதித்தலாகாது. ஸ்ராட்டரைப் பத்துச் செக்கனுக்கு மேல் தொடர்ந்து இயக்கலாகாது. இடையே ஓய்வு கொடுக்க. பொயின்றுள்ள பழைய கார்களுக்குக் கூறிய வயர்ச் சோதனையை இன்றைய கார்களிற் செய்தலும் ஆகாது. அவற்றின் மின்னழுத்தம் மிகப் பெரிது, கணினியும் கெடும், கையும் கெடும். புகைவழியில் வினையூக்கி உள்ள கார்களைத் தீப்பொறியின்றி நெடுநேரம் சுழற்றினால் எரியாத பெற்றோல் அங்கே சேர்ந்து அதனை அழிக்கும்.

இறுதியாக, மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வினா விடுப்போம். மொறிஸ் மைனர் கார் ஒன்று காலையிற் குறையின்றிப் புறப்படுகின்றது. முப்பது கிலோமீற்றர் சென்றதும் வலு குன்றி, இழுத்து இழுத்து நிற்கின்றது. சோக்கை இழுத்தபோது சிறிது தூரம் மேலும் ஓடிற்று. தீப்பொறி நன்றாயுள்ளது. எவ்வளவு பெற்றோல் எஞ்சியுள்ளது என்று பார்க்கச் சாரதி தாங்கியின் மூடியைத் திறக்கின்றார். உஸ் என்னும் ஓசை கேட்கின்றது. தாங்கி பாதிக்கு மேல் நிறைந்திருக்கின்றது. மூடியை இட்டுவிட்டு ஸ்ராட்டரை இயக்க, கார் உடனே புறப்பட்டு, மறுபடியும் முப்பது கிலோமீற்றரில் அவ்வாறே நிற்கின்றது. சாரதியிடம் ஆயுதப் பெட்டி இல்லை. சட்டைப்பையில் ஒரு குண்டூசி மட்டும் உண்டு. அவர் செய்யவேண்டியது யாது? அதற்குரிய பௌதிகக் காரணத்தையும் ஒரு படத்துடன் விளக்குக.